டோரீனின் கைப்பிடி

குப்பைத் தொட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தாள் மார்லீன் ட்ரெகென்ஸா.

எண்ணெய்த் துணிகள், தேயிலைப் பைகள், பாதி கடித்த சாஸேஜ், நேற்றைய கொண்டாட்டத்தின் காகிதத் தட்டுகள் எல்லாம் ஷெட் தரையில் பரவின. முழங்கால் போட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் துழாவினாள். தக்காளி சாஸ் முழங்கை வரை ஏறியது. தேடியது மட்டும் அகப்படவில்லை.

"கிடைச்சுதா?"

வாசலில் பக்கத்து ஷெட்டின் நீராவி இன்ஜின்காரன் எரல் நோஸ்கி. கையில் ஆவி பறக்கும் டீ.

"கிடைச்சிருந்தா இந்தக் கோலத்துல உட்கார்ந்திருப்பேனா? டீயைக் கீழ வச்சுட்டு அந்த டிரம்முக்குப் பின்னாடி பாரு."

"பார்த்துட்டேன். எலி ஒண்ணு இருந்துச்சு. அதுகிட்டயும் விசாரிச்சேன். தெரியாதுன்னு சொல்லிடுச்சு."

"எரல், பதினோரு மணிக்கு இன்ஸ்பெக்டர் வர்றார்."

"தெரியும் தாயே. அதான் எலியை மிரட்டாம விட்டுட்டேன்."

காணாமல் போனது ஒரு சாண் நீளப் பித்தளைக் கைப்பிடி. முன்னால் போவதா, பின்னால் போவதா என்று டீசல் இன்ஜினுக்குச் சொல்வது அதுதான். அதை நடுவில் நிறுத்தினால்தான் குழியிலிருந்து உருவ முடியும். உருவிவிட்டால் இன்ஜின் உறுமலாம், புகையலாம், ஓர் அங்குலம்கூட நகராது. அதனால் வண்டியை விட்டு இறங்கும் எந்த டிரைவரும் அதை உருவிப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்குவார். மற்ற இன்ஜின்கள் என்றால் பக்கத்து ஊரில் ஒன்று கடன் வாங்கலாம். டோரீனின் குழி மூன்று மூலை கொண்டது. அந்தக் கைப்பிடி உலகத்திலேயே ஒன்றுதான் மிச்சம்.

டோரீன் என்றால் அந்த இன்ஜின்.

மாநிலப் பட்டறையில் பிறந்த ஐந்து சகோதரிகளில் கடைக்குட்டி. கோதுமை, ஈயத் தாது, ஆடுகள், ஒருமுறை ஒரு கவர்னர், எல்லாவற்றையும் இழுத்தவள். பெயர் வைத்தது டிரைவர்கள். புல்காரா ஸ்டேஷன் கேன்டீனில் டோரீன் என்று ஒரு சமையல்காரி இருந்தாளாம். காலையில் எழுப்பினால் முதலில் கறுப்பாகப் புகைவாளாம். அப்புறம் நாள் முழுக்க உட்காராமல் உழைப்பாளாம். குறுகிய ரயில் பாதையை மூடிய வருஷம் நான்கு சகோதரிகளையும் பழைய இரும்புக்காரர்கள் துண்டு போட்டார்கள். டோரீன் மட்டும் கோதுமைக் கிடங்கில் வேகன் தள்ளிப் பிழைத்தாள். அதுவும் நின்றபின் ஊர் மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூக்கில் ஒரு சறுக்குமரத்தைப் பற்றவைத்தார்கள். புல்காராவில் முப்பது வயதைத் தாண்டிய எவருடைய முட்டியிலும் டோரீன் தந்த தழும்பு ஒன்றாவது இருக்கும்.

அந்தச் சறுக்குமரத்தை அறுத்து எறிந்த நாளிலிருந்து மார்லீனின் சனி, ஞாயிறு எல்லாம் இந்த ஷெட்டில்தான். ரயில்வேயில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவள். துரு சுரண்டினாள், கம்பி மாற்றினாள், எலிக்கூடு கலைத்தாள். போன மாதம்தான் டோரீன் மறுபடி உறுமினாள்.

சிக்கல் ஒன்றே ஒன்று. டோரீன் இன்னும் நகரத்து அருங்காட்சியகத்தின் சொத்து. 'ஓட வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மாதக் கடைசிக்குள் ஓடுவதற்கு அனுமதி வாங்காவிட்டால் திருப்பித் தாருங்கள்' என்று ஒப்பந்தம். மாதக் கடைசி என்பது இன்று. அந்த அனுமதியைத் தர ரயில்வே இன்ஸ்பெக்டரை விட்டால் இன்னொருவர் இல்லை. அருங்காட்சியகத்திலிருந்து ஃபிலிப்பா ஓக்ஷாட் என்ற அம்மாள் நேற்றே வந்து பப்பில் அறை எடுத்துவிட்டார். நெடுஞ்சாலையோரம் டிரெய்லர் லாரி ஒன்று காலி முதுகோடு காத்திருந்தது.

"நேத்து யார் கடைசியா கேபினை விட்டு இறங்கினது?" மார்லீன் எழுந்து கையைத் துடைத்தாள்.

"பெருசுதான். டெஸ் ஹன்னஃபர்ட். சோதனை ஓட்டம் முடிஞ்சு இறங்கினதும் தோள்ல தூக்கி வச்சு ஆடினோமே."

"அவர் இறங்கினப்புறம் நீ மேல ஏறிப் பார்த்தியா?"

"டெஸ் ஓட்டின வண்டியை நான் ஏறிச் சரிபார்க்கிறதா? பாதிரியார்கிட்டப் போய் ஜெபம் சரியா சொன்னீங்களான்னு கேக்கச் சொல்றியா? நீ பார்த்தியா?"

 மார்லீனும் பார்க்கவில்லை. அந்த ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பளிச்சென்று பொறி தட்டியது.

"எரல்! வண்டியை விட்டு இறங்கற டிரைவர் கை என்ன செய்யும்?"

எரலின் வாய் திறந்தது. "உருவிப் பையில போடும்."

"நேத்து டெஸ் கோட்டு போட்டிருந்தார்."

அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள். நின்று திரும்பி, டோரீனின் சக்கரங்களுக்கு அடியில் மரக்கட்டைகளைத் தட்டி வைத்தாள். 'இயக்காதே' என்ற சிவப்புப் பலகையைக் கதவில் மாட்டினாள்.

"கைப்பிடியே இல்லாத வண்டிக்குக் கட்டை எதுக்கு?" என்றான் எரல்.

"கைப்பிடி எங்க இருக்குன்னு தெரியாதே, அதுக்கு."

"உங்க டீசல்காரங்களுக்கு ஒரு கைப்பிடி தொலைஞ்சா உலகமே நின்னுடுது. என் நீராவி இன்ஜினைப் பாரு. ஒரு தீக்குச்சி போதும்."

"ஆமா, ஒரு தீக்குச்சியும் அரை நாளும். உன் வெந்நீர்க் கெண்டி கொதிக்கறதுக்குள்ள நான் போயிட்டு வந்துடறேன்."

அவளுடைய பிக்கப் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தது.

டெஸ் வீட்டில் இல்லை. பக்கத்து ஊரில் முடிதிருத்தும் கடை நாற்காலியில், கழுத்தில் வெள்ளைத் துணியோடு இருந்தார். இன்று போட்டோ எடுப்பார்களே! தலையின் இடது பக்கம் மழமழவென்று இருந்தது. வலது பக்கம் இன்னும் புதர்.

"டெஸ்! நேத்து டோரீனை நிறுத்தினதும் கைப்பிடியை என்ன பண்ணினீங்க?"

"என்ன கேள்வி இது? உருவிக் கோட்டுப் பையில போட்டேன்."

"நிச்சயமா?"

பெரியவர் கண்ணாடியில் அவளை முறைத்தார். "நாற்பது வருஷம் ஓட்டியிருக்கேன். நான் போடணும்னு அவசியமே இல்ல, கையே போட்டுக்கும். ஒரு தடவை எங்க வீட்டுக் குளியலறைக் கதவுக் கைப்பிடியையே உருவிப் பையில போட்டுக்கிட்டு வேலைக்குப் போயிட்டேன். உள்ள என் பொண்டாட்டி! சாயங்காலம் வரைக்கும் பாட்டுப் பாடிக்கிட்டு இருந்தா. நல்ல பாட்டு இல்ல."

"கோட்டு எங்க?"

"நேத்து எண்ணெய் கொட்டிடுச்சு. என் பொண்ணு காலையில எடுத்துட்டுப் போயிட்டா. சர்ச் பழந்துணிக் கடைக்கு." சொல்லச் சொல்லவே அவர் முகம் மாறியது. "ஐயய்யோ."

"எழுந்திருங்க!"

"பாதி முடி..."

"டோரீன் போயிடுவா டெஸ்!"

கழுத்துத் துணியோடு எழுந்து வந்தார். கடைக்காரர் கத்தரியோடு பின்னாலேயே ஓடிவந்து, வண்டி கிளம்பும் வரைக்கும் காதோரத்தில் இரண்டு வெட்டு வெட்டிவிட்டுத்தான் நின்றார்.

பழந்துணிக் கடைப் பெண்மணி நிதானமாக யோசித்தார். டெஸ்ஸின் தலையைப் பார்த்து இன்னும் கொஞ்சம் யோசித்தார்.

"அந்த ரயில்வே கோட்டா? கடை திறந்ததுமே போயிடுச்சேம்மா. நகரத்துப் பொம்பளை. நல்ல உசரம். இந்த ஊர்க் குளிர் எலும்பைக் குத்துதுன்னு வாங்கிப் போட்டுக்கிட்டாங்க."

மார்லீனும் டெஸ்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நகரம். உயரம். பெண்.

ஃபிலிப்பா ஓக்ஷாட், ரயில்வே கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு டோரீனுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். கையில் அளவு நாடா. டிரெய்லரில் ஏற்றுவதற்கு டோரீனின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார்!

"மேடம், உங்க பையைக் கொஞ்சம் பார்க்கணும்."

"எதுக்கு? என்மேல சந்தேகமா?"

"உங்கமேல இல்ல. உங்க கோட்டுமேல."

ஃபிலிப்பா புருவத்தை உயர்த்தினார். ஆனாலும் கோட்டுப் பைக்குள் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இடது பையில் பெப்பர்மின்ட் பொட்டலம். வலது பையில் ஒன்றுமே இல்லை. அவர் விரல்கள் மட்டும் கோட்டின் அடியில் வெளியே எட்டிப் பார்த்தன.

ஓட்டை.

"போச்சு," என்றார் டெஸ். "ஓட்டை வழியா விழுந்துடுச்சு. எங்கயோ ரோட்டுல கிடக்குது."

ஷெட்டிலிருந்து அவர் வீடு வரைக்கும் மண் பாதை. இரண்டு பக்கமும் முழங்கால் உயரப் புல்.

விஷயம் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டார் ஃபிலிப்பா. குரல் கொஞ்சம் இறங்கியது.

"மார்லீன், நான் டோரீனுக்கு எதிரி இல்ல. எங்க கூடத்துல டிராமுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் நடுவுல நல்ல இடம் ஒதுக்கியிருக்கோம். மழை படாது. நூறு வருஷம் ஆனாலும் துருப் பிடிக்காது. பக்கத்துல ஒரு பொத்தான் வைப்போம். பிள்ளைங்க அழுத்தினா இன்ஜின் சத்தம் கேக்கும்."

"ஐஸ் பெட்டியில வச்சா பிணம்கூடக் கெடாது மேடம்."

ஃபிலிப்பா அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தார்.

அப்போதுதான் எரல் தன் நீராவி ஷெட்டிலிருந்து ஓடிவந்தான். முகமெல்லாம் இரும்புத் தூள். உள்ளங்கையைத் திறந்து காட்டினான். பளபளவென்று ஒரு புதுக் கைப்பிடி. மூன்று மூலை.

"பழைய கேட் கீலை அறுத்து, அரம் போட்டு... நீ போனதுலேர்ந்து இதே வேலை. பித்தளைப் பெயின்ட்கூட அடிச்சிருக்கேன். தொடாதே, ஈரம்."

"நீயா? தகர டப்பான்னு நீ திட்டற வண்டிக்கா?"

"சக்கரம் வச்ச ஃபிரிட்ஜுன்னுகூடச் சொல்லுவேன். அது வேற. ஆனா அந்தப் பொத்தான் விஷயம் நேத்தே என் காதுல விழுந்துச்சு பாரு, அது எந்த இன்ஜினுக்கும் நடக்கக் கூடாது."

வேலை பறந்தது. ஒவ்வொரு சிலிண்டரின் சின்னக் குழாயையும் திறந்துவிட்டு, நீளக் கம்பியைச் செருகி யந்திரத்தைக் கையாலேயே ஒரு சுற்றுச் சுற்றினார்கள். உள்ளே தண்ணீர் கசிந்திருந்தால் குழாய் வழியாகத் துப்பும். துப்பவில்லை. குழாய்களை மூடினாள் மார்லீன். பொத்தானை அழுத்தினாள். டோரீன் இருமினாள், செருமினாள், ஷெட் கூரைக்குமேல் கறுப்பாக ஒரு மேகத்தை ஊதினாள். கோதுமைக் கிடங்கின் உச்சியில் உட்கார்ந்திருந்த இளஞ்சிவப்புக் கிளிகள் கூட்டமாகத் திட்டிக்கொண்டே பறந்தன.

எரலின் கைப்பிடியைக் குழியில் செருகினாள்.

பொருந்தியது!

முன்னால் திருப்பினாள். 'டக்.' பின்னால் திருப்பினாள். 'டக்.' மறுபடி முன்னால். இந்த முறை பாதியில் வழுக்கியது. அழுத்தித் திருப்பினாள். போய் உட்கார்ந்தது.

"இன்ஸ்பெக்டர் பிரேக்கைத்தான் பார்ப்பார்," எரல் காதோரம் கிசுகிசுத்தான். "கைப்பிடியை எவன் பார்க்கறான்? நான் குறுக்க நின்னுக்கறேன். நான் நின்னா பின்னால ஒண்ணும் தெரியாது, அவ்வளவு அகலம்."

மார்லீன் டெஸ்ஸைப் பார்த்தாள். பெரியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்.

"நான் எதையும் பார்க்கல. பாதி முடி கண்ணை மறைக்குது."

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம்.

இன்ஸ்பெக்டர் லயனல் டஃபீல்ட் சின்ன மனிதர். பெரிய தோல் பை. பூட்ஸில் முகம் பார்க்கலாம். பிளாஸ்கிலிருந்து ஒரு மூடி காபி ஊற்றிக் குடித்தார், மூடியைத் துடைத்தார், திருகினார். அவர் அவசரப்படுகிற ஜாதி இல்லை.

"யந்திரம் சூடாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

"அப்ப ஏறலாமா?"

எரல் தன் அகலத்தோடு தயாராக நின்றான். தூரத்தில் ஃபிலிப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை. 'ஏறலாம்' என்ற ஒரே ஒரு வார்த்தை. டோரீன் புல்காராவிலேயே இருப்பாள்.

மார்லீனின் கை தானாகவே அந்தப் புதுக் கைப்பிடியை நடுவில் நிறுத்தி உருவியது.

"ஏறலாம். ஆனா ஓட்ட முடியாது சார். கைப்பிடியைக் காணோம்."

எரல் கண்ணை மூடிக்கொண்டான்.

"உங்க கையில இருக்கறது?"

"இது இன்னிக்குக் காலையில கேட் கீல்ல அறுத்துச் செஞ்சது. திருப்பினா திரும்புது. சில சமயம் பாதியில வழுக்குது. பிளாட்பாரத்துல பிள்ளைங்க நிக்கறப்ப வழுக்கினா? அதைக்கூட சரி பண்ணிடலாம். ஆனா அசல் எங்கயோ இருக்கு. யார் பையில இருக்கோ அவனும் இந்த வண்டியை ஓட்டலாம். அது தெரியாத வரைக்கும் டோரீன் எங்க பொறுப்புல இருக்கான்னு நான் எப்படிச் சொல்வேன்?"

"காணோம்னு எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில ஷெட்டைத் திறந்ததும்."

"உடனே என்ன செஞ்சீங்க?"

"குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தேன். அப்புறம் சக்கரத்துக்குக் கட்டை வச்சேன். பலகை மாட்டினேன்."

டஃபீல்ட் நடந்துபோய் ஒவ்வொரு கட்டையையும் பூட்ஸால் உதைத்துப் பார்த்தார். நான்கு உதை. சிவப்புப் பலகையைப் படித்தார். எவ்வளவு நேரம் படிக்க இருக்கிறது ஒரே ஒரு வார்த்தையில்? ஃபிலிப்பா போனை எடுத்தார். லாரிக்காரருக்குத்தான். மார்லீன் அந்தப் பக்கம் பார்க்காமல் டோரீனின் பக்கவாட்டில் கையை வைத்தாள். தகடு வெதுவெதுவென்று அதிர்ந்துகொண்டிருந்தது.

டஃபீல்ட் திரும்பி வந்தார். தோல் பையைத் திறந்தார். பிளாஸ்கை வெளியே எடுத்தார். அது இருந்த இடத்துக்குப் பின்னால் கையை விட்டார்.

"இது உங்களோடதா பாருங்க."

பித்தளைக் கைப்பிடி.

எரலின் கையிலிருந்த அரம் தண்டவாளத்தில் விழுந்து 'டிங்' என்றது.

"இது... சார், எங்க..."

"பிரேக் முதல்ல. கேள்வி அப்புறம். கட்டையை எடுங்க."

"பார்த்தீங்களா!" டெஸ் துள்ளினார். கழுத்துத் துணி காற்றில் பறந்தது. "நான் சொல்லல? உருவினேன்! பையில போட்டேன்! ஓட்டை வழியா விழுந்திருக்கு, இவர் கண்ணுல பட்டிருக்கு! நாற்பது வருஷத்துல ஒரு தடவை தப்பினதில்ல இந்தக் கை!"

டஃபீல்ட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ரொம்ப சுத்தமாகத் துடைத்தார்.

மார்லீன் ஓட்டினாள். பக்கத்து இருக்கையில் அரைத்தலை டெஸ். கோதுமைக் கிடங்கு வரை போய், திரும்பி வந்து, டஃபீல்ட் சுண்ணாம்பில் போட்ட கோட்டுக்கு முன்னாலேயே டோரீன் பெருமூச்சு விட்டு நின்றாள். பிறகு சரிவில் நிறுத்தினார்கள், பிரேக் காற்றை இறக்கினார்கள், மறுபடி நிறுத்தினார்கள். எல்லாவற்றுக்கும் டஃபீல்ட் "ம்" என்றார். கடைசி "ம்" மட்டும் கொஞ்சம் நீளமாக வந்தது.

"ஓட்டுங்க. அனுமதி உண்டு."

அப்புறம் யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்வது கஷ்டம். எரல் டோரீனின் மூக்கில் முத்தம் கொடுத்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தான். எல்லாரும் பார்த்தார்கள். லாரி காலி முதுகோடே கிளம்பிப் போயிற்று. அதை அனுப்பிவைத்த ஃபிலிப்பா ஓக்ஷாட், ஊருக்குக் கிளம்பும்முன் ஒரே ஒரு தடவை ஹார்ன் அடிக்கலாமா என்று கேட்டார். ஏழு தடவை அடித்தார்.

"பொத்தானைவிட நல்லா இருக்கா மேடம்?" என்று கத்தினான் எரல்.

"என்ன? காது கேக்கல!" என்று எட்டாவது தடவை அடித்தார் அவர்.

மார்லீன் மட்டன் அடைத்துச் சுட்ட சூடான ரொட்டி ஒன்றைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு டஃபீல்டின் காருக்கு ஓடினாள். அவர் கண்ணாடியை இறக்கி வாங்கிக்கொண்டார்.

"சார், அந்தக் கேட் கீலை வச்சு நான் ஓட்டியிருந்தா?"

"நானே கயிறு கட்டி டோரீனை லாரியில ஏத்தியிருப்பேன்." ரொட்டியை ஒரு கடி கடித்தார். "கைப்பிடியைப் பத்திரப்படுத்தற முறை சரியில்ல, திருத்திக்கணும்னு ஒரு வரி எழுதியிருக்கேன். யார் பேரும் எழுதல."

"இனிமே யார் ஓட்டினாலும் நான் ஏறிப் பார்ப்பேன். டெஸ்ஸா இருந்தாலும்."

"நல்லது."

"இப்பவாவது சொல்லுங்க. ரோட்டுல எந்த இடத்துல கிடந்துச்சு?"

டஃபீல்ட் மெல்வதை நிறுத்தினார். ஷெட் வாசலில் டெஸ், கோட்டை ஃபிலிப்பாவிடமிருந்து வாங்கி, ஓட்டைக்குள் மூன்று விரலை விட்டு ஆட்டி ஊருக்கே விளக்கிக்கொண்டிருந்தார். கூட்டம் சிரித்தது.

"நான் நேத்து சாயங்காலமே வந்துட்டேன். ஷெட்டுக்குப் பின்னாடி எல்லாரும் சாஸேஜ் சுட்டுக்கிட்டு, பாடிக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம், வண்டியை மட்டும் பார்த்துட்டுப் போகலாம்னு கேபின்ல ஏறினேன். கதவு திறந்தே கிடந்தது." குரலைத் தாழ்த்தினார். "ரோட்டுலயும் கிடக்கல, படியிலயும் கிடக்கல. குழியிலயே இருந்துச்சு. நடுவுலகூட இல்லம்மா. முன்னால போற பக்கம் திருப்பினது திருப்பினபடியே."